திரைக்காரம்மா வாங்கிய கடன்

திரைக்காரம்மாவுக்கு அன்று காலையிலிருந்தே வயிறு சரியில்லை. சாப்பாட்டின் மேல் பழி போட முடியாது. பயத்தில் அவள் எதுவுமே சாப்பிடவில்லை. பத்து மணிக்குக் கார் ஷோரூமுக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

பகட்டுக்குக் கார் வாங்குகிற ஆள் இல்லை அவள். வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து, திரை தைத்து, கம்பி அடித்து மாட்டிக் கொடுப்பது அவள் தொழில். இத்தனை வருஷமாக அதைப் பஸ்ஸை நம்பியே செய்துவந்தாள். துணி மூட்டையைக் கண்டக்டர்கள் எப்படியோ பொறுத்துக்கொள்வார்கள். ஆளுயரக் கம்பிகளைத் தூக்கிக்கொண்டு ஏறினால்தான் வம்பு. யார் கண்ணிலாவது குத்திவிடுமோ என்று அவள் பதறுவதற்குள், பஸ்ஸில் இருக்கும் அத்தனை பேரும் அவளைக் கண்ணாலேயே குத்தி முடித்திருப்பார்கள். சரி, வாடகை வண்டி பிடிக்கலாம் என்றால், கூலியில் பாதி வண்டிக்காரர் பைக்குப் போய்விடும். மீதியில் நூல் வாங்கலாம்.

இப்படி இருக்கும்போதுதான் ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய முதியோர் இல்லத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். எல்லா அறைகளுக்கும் திரை வேண்டும். வேலை பிடித்துப்போனால் அவர்கள் கட்டிக்கொண்டிருக்கும் அடுத்த இல்லமும் அவளுக்குத்தான். ஆனால் அந்தப் பக்கம் பஸ் கிடையாது. "சொந்தமா வண்டி இருக்கில்லம்மா?" என்று மேலாளர் கேட்டார். "இருக்கு சார்" என்று சட்டென்று சொல்லிவிட்டாள். வாய் சொல்லிவிட்டது. உடம்பின் மற்ற பாகமெல்லாம் அன்றிலிருந்து உதறிக்கொண்டிருக்கிறது. கையில் ஓட்டுநர் உரிமம் இருந்தது, கொஞ்சம் சேமிப்பு இருந்தது, கார்தான் இல்லை. அடுத்த மாதம் வேலை ஆரம்பம்.

கடன் என்ற பேச்சை எடுத்தாலே அவள் பயப்படுவதற்குக் காரணம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்காரர் தவணையில் ஒரு சின்னச் சரக்கு வண்டி வாங்கினார். பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் மெஷின் ஓட்டுகிறவர் அவர். ஷிப்டு போக மிச்ச நேரத்தில் வண்டியை வாடகைக்கு ஓட்டிச் சம்பாதிக்கலாம் என்று கணக்குப் போட்டார். கணக்கெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, வாடகைதான் வரவில்லை. தவணைகள் நின்றுபோனதை அவர் வீட்டில் மூச்சு விடவில்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, கோபம் கூடக் கிடையாது. கெட்ட செய்தி என்றால் மட்டும் அப்படியே விழுங்கிவிடுவார். மாத்திரை விழுங்க மட்டும் ஒரு சொம்பு தண்ணீர் வேண்டும் அவருக்கு.

ஒருநாள் அவள் எதிர்வீட்டில் ஸ்டூல் மேல் நின்று திரை மாட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் வந்தார்கள். அவள் வீட்டு வாசலில் நின்ற வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். தெருவே வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்த்தது. "அது உங்க வண்டியா?" என்று கீழேயிருந்து எதிர்வீட்டம்மா கேட்டாள். "இல்லையே" என்றாள் இவள். சொல்லிவிட்டு, மிச்சமிருந்த வளையங்களையெல்லாம் கோத்து முடித்துவிட்டுத்தான் ஸ்டூலை விட்டு இறங்கினாள். அதற்கப்புறம் சொந்தத் தெருவில் அவள் வேலை எடுப்பதில்லை.

ஷோரூமில் குளிர் நடுக்கியது. டை கட்டிய விற்பனையாளர் காபி கொடுத்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார், அவள் கைப்பையைக்கூடத் தானே வாங்கி மேசைமேல் வைத்தார். இவ்வளவு மரியாதை கிடைத்தால் எங்கேயோ இடிக்கிறது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பின் சீட்டை மடித்தால் கம்பி உள்ளே போகுமா என்பதிலேயே அவள் கவனம் இருந்தது. கொண்டுவந்திருந்த அளவு நாடாவால் அளந்தே பார்த்துவிட்டாள். கம்பி போகும்.

"மூணு வருஷம்னா தவணை கொஞ்சம் கையைக் கடிக்கும் மேடம். ஏழு வருஷம் போட்டுக்குங்க. மாசம் இவ்வளவுதான்" என்று விற்பனையாளர் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார்.

அந்த எண்ணைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது. இவ்வளவுதானா! இதற்கா இத்தனை நாள் தூக்கம் கெட்டது! பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரும் தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுவார், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அவள் அந்த ஏழு வருஷக் கணக்கில் விழுந்ததற்கு அவள் தொழில்தான் காரணம். திரைத் துணியை ஜன்னல் அளவுக்கு வெட்டுகிறவர் திரைக்காரர் இல்லை. அகலத்தில் இரண்டு மடங்கு எடுக்க வேண்டும், நீளத்தில் ஒரு சாண் கூட்டி வெட்ட வேண்டும். துவைத்தால் சுருங்கும், குடித்தனக்காரர் வீடு மாறினால் ஜன்னல் பெரிதாகும். நீளமாக இருந்தால் எப்போது வேண்டுமானாலும் மடித்துத் தைத்துக் குறைக்கலாம். குட்டையாகப் போனால் தொலைந்தோம். அவள் கையால் வெட்டிய துணி இதுவரை ஒரு ஜன்னலிலும் குறைந்ததில்லை. கடனையும் அவள் அதே கண்ணால் பார்த்தாள். நீளமாகவே வாங்கி வைத்துக்கொள்வோம், கையில் காசு புரண்டால் நடுவிலேயே அடைத்துக் குறைத்துக்கொள்வோம். ஒரு வக்கீல் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார், வாத்தியார் செய்ய மாட்டார். திரைக்காரம்மாதான் செய்ய முடியும்.

"இந்த வாரத்தோட இந்தச் சலுகை முடியுது மேடம்" என்றார் விற்பனையாளர். நாளைக்கு வந்து கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டு, விவரத்தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள்.

மாடியில் அவள் நாத்தனார் குடியிருந்தாள். வீட்டுக்காரரின் தங்கை, தவணைக்குக் கட்டிலும் பீரோவும் விற்கும் கடையில் கேஷியர். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் சொல்வதில் பாதி உண்மையாக இருந்துவிடும், அதுதான் கஷ்டம். தாளை வாங்கிப் பார்த்தவள் சிரித்தாள்.

"அண்ணி, ஒன்றரைக் கார் விலை கொடுத்து ஒரு கார் வாங்கப் போறீங்க. மிச்ச அரைக் காரை எங்க நிறுத்துவீங்க?"

"என்னடி சொல்ற? மாசம் எவ்வளவு கம்மின்னு பாரு."

"எங்க கடையிலயும் அதைத்தான் காட்டுவோம். மாசம் எவ்வளவுன்னு கேக்கிறவங்க மொத்தம் எவ்வளவுன்னு கேக்க மாட்டாங்க. ஏழு வருஷ வட்டியைக் கூட்டிப் பாருங்க."

"அதான் நடுவுலயே அடைச்சிடுவேனே."

"அடைக்கலாம், தாராளமா. அடைக்கிறதுக்குத் தனியா அபராதம். இதோ, பொடி எழுத்துல போட்டிருக்கான் பாருங்க. அதுவுமில்லாம முதல் ரெண்டு வருஷம் நீங்க கட்டுறதுல பாதி வட்டிக்கே போயிடும். அசல் அசைஞ்சு கூடக் குடுக்காது. கார் பழசாகிக்கிட்டே போகும், கடன் புதுசாவே நிக்கும்."

அவள் ஆடிப் போய்விட்டாள். நல்லவேளை கையெழுத்துப் போடவில்லை என்ற நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. இத்தனை வருஷம் தன்னைக் காப்பாற்றிய புத்தியே தன்னைக் குழியில் தள்ளப் பார்த்ததே என்று பயம் பிடித்துக்கொண்டது. இனி எதை நம்பி முடிவெடுப்பது? நாத்தனார் மேல் கோபம்கூட வந்தது. சரியாகச் சொல்கிறவர்கள் மேல் வருகிற கோபத்துக்கு மருந்து கிடையாது.

"உங்க சேமிப்புக் கணக்கு இருக்கிற பாங்க்லயே போய்க் கேளுங்க அண்ணி. அங்க காபி குடுக்க மாட்டாங்க, வட்டி கம்மியா இருக்கும்" என்று சொல்லி அனுப்பினாள் நாத்தனார்.

பாங்கில் கடன் பிரிவு அதிகாரி ஒரு நடுவயது அம்மா. கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். வீட்டுக்காரர் அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, சம்பளச் சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். கடன் இரண்டு பேர் சேர்ந்து வாங்குவதாகத்தான் பேச்சு. பழைய பெயரைத் துடைத்துக்கொள்ள ஒரு வாய்ப்பு என்று அவர் நினைத்ததாக அவளுக்குத் தோன்றியது. அந்தச் சட்டையைப் பார்க்கவே அவளுக்குப் பாவமாக இருந்தது.

நகல் வேண்டும் என்று அதிகாரி சொன்னதும், "நான் போய் ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துடறேன்" என்று அவர் எழுந்து போனார். அவர் கதவைத் தாண்டியதும் அதிகாரி கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடியே குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா நினைக்காதீங்க. சார் பேர்ல பழைய வண்டிக் கடன் ஒண்ணு மோசமா முடிஞ்சிருக்கு. அவரைச் சேர்த்தா வட்டி ஏறும். உங்க கணக்கு சுத்தமா இருக்கு, மாசாமாசம் வரவும் இருக்கு. தனியா உங்க பேர்ல போட்டா நிறைய மிச்சம்."

"அவர் பேரே இல்லாமலா?"

"இல்லாமத்தான். வீட்டுல பேசிட்டு வாங்க. மூணு வருஷம், நாலு வருஷம், எது வேணும்னும் முடிவு பண்ணிட்டு வாங்க. நடுவுல அடைச்சா இங்கயும் அபராதம் உண்டு, அதையும் மனசுல வச்சுக்குங்க."

வீட்டுக்காரர் மூன்று மூன்று நகலாக எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். ஒன்று போதும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அதிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. இருபத்திரண்டு வருஷம் கூடக் குடித்தனம் நடத்திய மனுஷனிடம், உன் பெயர் இருந்தால் நஷ்டம் என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் இரண்டு பேர் பெயரிலும் வாங்கி, ஏறுகிற வட்டியைத் தன் தையலில் ஈடுகட்டிவிடலாமா என்றுகூட யோசித்தாள். எத்தனை ஜன்னல் கூடுதலாகத் தைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். அடுத்த நிமிஷமே கயிறு கட்டி இழுத்துப் போன வண்டி கண்முன் வந்து நின்றது. சாதத்தில் உப்பு இரண்டு முறை விழுந்தது, ஒரு டாக்டர் வீட்டுத் திரையைத் தலைகீழாகத் தைத்துப் பிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்தான் அவளோடு வேலைக்கு வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார். அன்று ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை. மேலே ஏறி, முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு, திருகாணியைத் திருகியபடியே சொன்னாள். கீழே நின்று முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை.

"என்னங்க. பாங்க்ல கடனை என் பேர்ல மட்டும் போடச் சொல்றாங்க. உங்க பேரைச் சேர்த்தா வட்டி ஏறுமாம். அந்தப் பழைய வண்டியால."

கீழேயிருந்து பதில் வர நேரமாகும் என்று நினைத்தாள். உடனே வந்தது.

"சரிம்மா. உன் பேர்லயே இருக்கட்டும். அதுதான் நல்லது."

"வருத்தமில்லையே?"

"இதுல என்ன வருத்தம்? பாத்து, ஸ்டூல் ஆடுது."

ஸ்டூல் ஆடவில்லை. அவள் கால்தான் ஆடியது. மனதிலிருந்து பாரம் இறங்கியிருக்க வேண்டும், இறங்கவில்லை. அவர் முகம் வாடிப்போகும், இரண்டு நாள் பேசாமல் இருப்பார், சமாதானம் செய்ய வேண்டியிருக்கும் என்றெல்லாம் தயாராக இருந்தவளுக்கு, இவர் இவ்வளவு லேசாக விட்டுக்கொடுத்தது எங்கேயோ நெருடியது. நல்ல குணம் என்று எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டாள். நெருடல் மட்டும் செருப்புக்குள் மணல் மாதிரி இருந்துகொண்டே இருந்தது.

அப்புறம் மிச்சமிருந்தது வருஷக் கணக்கு. ஏழு வருஷக் கணக்கில் விழப் பார்த்தவள் இப்போது எதிர்ப்பக்கம் சாய்ந்தாள். கடன் எவ்வளவு சீக்கிரம் ஒழிகிறதோ அவ்வளவு நல்லது, மூன்றே வருஷம் என்று முடிவு செய்தாள். தவணைக்கே அவள் சம்பாத்தியத்தில் பெரும்பங்கு போய்விடும். போகட்டும். வாடகை, அரிசி பருப்பு, காலேஜில் படிக்கும் மகளின் ஹாஸ்டல் பணம் எல்லாம் அவர் சம்பளத்தில் ஓடும். இடிக்கிற இடத்தில் ஓவர்டைம் பணம் கைகொடுக்கும். வாரம் தவறாமல் அவர் அந்தப் பணத்தை உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிடுவார். அந்த ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது என்று நாத்தனாரிடம்கூடப் பெருமையாகச் சொன்னாள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினால் மூன்று வருஷம் ஓடிவிடும். ஆனாலும் கணக்கைப் போடுகிற ஒவ்வொரு தடவையும் கடைசியில் மிஞ்சுகிற தொகை மிகவும் சின்னதாக இருந்தது. ஒரு காய்ச்சல் வந்தால் அதுவும் போச்சு.

கையெழுத்து நாளன்று அவரும் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார். அவருக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. "சார், உங்க கையெழுத்து தேவைப்படாது" என்று அதிகாரி முன்னாலேயே சொல்லிவிட்டார். "பரவாயில்லம்மா, சும்மா கூட வந்தேன்" என்று அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மூணு வருஷம்தானே? நல்லா யோசிச்சிட்டீங்களா? வீட்டுச் செலவுக்கு மிஞ்சணும்" என்றார் அதிகாரி.

"யோசிச்சிட்டேன்மா. வீட்டுச் செலவை அவர் பார்த்துப்பார். சம்பளம் போக ஓவர்டைமும் வருது."

அதிகாரி தாள்களை அவள் பக்கம் தள்ளி, எங்கெங்கே போட வேண்டும் என்று பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்தார். அவள் பேனாவைத் திறந்தாள்.  முதல் புள்ளியில் பேனாவை வைக்கப் போனாள்.

"மூணு வருஷம் வேணாம்" என்றார் வீட்டுக்காரர்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த காலண்டரைப் பார்த்துப் பேசினார்.

"ரெண்டு மாசமா ஓவர்டைம் கிடையாது. புது மெஷின் வந்துடுச்சு, ஆள் தேவையில்லன்னுட்டாங்க. நான் உறையில போட்டு வச்சதெல்லாம் எங்க கம்பெனி ஸ்டோர்கீப்பர்கிட்ட வாங்கின கைமாத்து."

அதிகாரி திடீரென்று கம்ப்யூட்டரில் எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தார். நல்ல மனுஷி.

 இரண்டு மாதம்! வாராவாரம் உறையை எடுத்து எண்ணினாளே, அரிசி வாங்கினாளே, நாத்தனாரிடம் பீற்றிக்கொண்டாளே. பல் ஆஸ்பத்திரியில் அவர் அவ்வளவு சுலபமாகச் சரி என்றது ஏன் என்று இப்போது புரிந்தது. அன்றைக்குப் பாங்குக்குக் கொண்டுவந்த சீட்டுகள் பழைய மாதத்தவையாகத்தான் இருக்க வேண்டும்; கடனில் பெயர் இல்லையென்றால் புதுச் சம்பளச் சீட்டை யாரும் கேட்க மாட்டார்கள். தப்பித்தோம் என்று நினைத்திருக்கிறார். கைப்பையால் அவர் தலையில் ஒன்று போட வேண்டும் போல் இருந்தது. அதே நேரத்தில் ஓவென்று அழ வேண்டும் போலவும் இருந்தது. பாங்கில் இரண்டையும் செய்ய முடியாது.

"யார் யார்கிட்ட வாங்கியிருக்கீங்க?" திரைக்காரம்மா தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அவன்கிட்ட மட்டும்தான்."

"என்னைப் பாத்துச் சொல்லுங்க."

அவர் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.  "அவன்கிட்ட மட்டும்தான். நேத்தே சொல்லணும்னு இருந்தேன். காலையில பஸ்ல சொல்லணும்னு இருந்தேன். வாயே வரல."

அவளுக்குக் கோபம் தணியவில்லை. ஆனால் கோபத்துக்கு அடியில் இன்னொன்று புரண்டது. சரக்கு வண்டியின்போது, கயிறு கட்டுகிற வரைக்கும் இந்த மனுஷன் வாய் திறக்கவில்லை. இன்றைக்கு அவள் பேனா தாளில் படுவதற்கு முன்னால் திறந்துவிட்டார். அந்நிய மனுஷி எதிரில், மானத்தை மேசைமேல் வைத்துவிட்டுச் சொல்லிவிட்டார். கேட்ட செய்தியோ கெட்ட செய்தி. அதற்காகச் சந்தோஷப்படுகிற பைத்தியக்காரி உலகத்தில் தான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று நினைத்தாள். பல நாளுக்குப் பிறகு முதல்முறையாக மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது.

பேனாவை மூடினாள். தாள்களை அடுக்கி அதிகாரி பக்கம் நகர்த்தினாள்.

"மன்னிச்சுக்குங்கம்மா. நாலு வருஷத்துக்குப் போட்டா மாசம் எவ்வளவு வரும்? மொத்தம் எவ்வளவு கூட வரும், ரெண்டையும் சொல்லுங்க."

அதிகாரி இரண்டு எண்களையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். அவள் அங்கேயே உட்கார்ந்து, ஓவர்டைம் இல்லாத சம்பளத்தை வைத்து, ஸ்டோர்கீப்பருக்கு மாதாமாதம் கொடுக்க வேண்டியதையும் கழித்துக் கணக்குப் போட்டாள். போட்டதை வீட்டுக்காரரிடம் நீட்டினாள். அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். ஹாஸ்டல் பணத்தில் வந்து நின்றார். "அடுத்த தடவை கட்டணம் ஏறுதாம். புள்ள போன்ல சொன்னா. உங்கிட்ட சொல்ல வேணாம்னு சொன்னா" என்றார். அவள் அதையும் சேர்த்துக் கழித்தாள். அப்படியும் கொஞ்சம் மிஞ்சியது. ஒரு காய்ச்சலைத் தாங்கும்.

வட்டியில் கூடப் போகிற தொகையைப் பார்த்து அவளுக்கு வயிறு எரியத்தான் செய்தது. எரிந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள்.

புதிய தாள்கள் அச்சாகி வந்தன. அதிகாரி மறுபடியும் பென்சிலால் புள்ளி வைத்தார். அவள் பேனாவைத் திறந்தாள், ஆனால் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள்.

"வேற ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

அவர் உண்மையாகவே யோசித்தார். அவர் யோசித்து முடிக்கும் வரை அவள் பேனாவைத் தாளில் வைக்கவில்லை.

"ஸ்டோர்கீப்பர் இந்த வாரமே கேட்டு வருவான்" என்றார்.

"வீட்டுக்கே வரச் சொல்லுங்க, நானும் கூட உக்காந்து பேசறேன்" என்று சொல்லிவிட்டு, அவள் கையெழுத்துப் போட ஆரம்பித்தாள்.